கடிதத்தைப் பிரிக்காதவரின் பங்கு என்ன ஆனது? இலாப ஈவு மறுமுதலீடும் நம் சிறு சேமிப்பாளர்களும்

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பல இந்தியக் குடும்பங்களின் வீட்டில், அப்பா அல்லது தாத்தா பெயரில் கொஞ்சம் மேபேங்க் பங்கு இருக்கும். 500 இருக்கலாம், 1,000 இருக்கலாம், 3,000 இருக்கலாம். எப்போது வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 2010ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து இந்த வீடுகளுக்குத் தடித்த கடித உறை ஒன்று அவ்வப்போது வரத் தொடங்கியது. உள்ளே ஆங்கிலத்தில் சில பக்கங்கள், ஒரு பாரம், ஒரு கெடு தேதி. பலர் அதைப் பழைய நாளிதழ்களோடு சேர்த்து வைத்து, பேப்பர்காரர் வரும்போது எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கடிதம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். உங்களுக்கு வர வேண்டிய இலாப ஈவைப் பணமாக எடுத்துக்கொள்கிறீர்களா, அல்லது அதற்கு ஈடாகப் புதிய பங்கைத் தள்ளுபடி விலையில் எடுத்துக்கொள்கிறீர்களா?

இதற்குப் பெயர் இலாப ஈவு மறுமுதலீட்டுத் திட்டம். சந்தை வட்டாரத்தில் டிஆர்பி என்பார்கள், சில நிறுவனங்கள் டிஆர்எஸ் என்கின்றன. நிறுவனம் உங்களுக்குப் பணம் தருவதற்குப் பதிலாகப் புதிய பங்கை அச்சிட்டு, அதாவது இந்தக் காலத்தில் கணினியில் பதிவு செய்து, உங்கள் சிடிஎஸ் கணக்கில் சேர்த்துவிடும். நடுவில் தரகர் இல்லை, தரகுக் கட்டணமும் இல்லை. பங்கை நேராக நிறுவனத்திடமிருந்தே வாங்குகிறீர்கள்.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். கொக்கா கோலா போன்ற நிறுவனங்களின் பங்கை, பங்குப் பதிவாளர் நிறுவனத்தின் வழியாக மாதம் ஒரு சிறு தொகை கட்டி வாங்க முடியும். வருகிற இலாப ஈவு, ஒரு பங்கின் கால் பாகம் அரைப் பாகம் என்று துண்டாகக்கூட, தானாகப் பங்காக மாறிக்கொண்டே போகும். நம் நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. ஒரு மலேசியர் தெருவில் நடந்து போய் ஒரு பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் கதவைத் தட்டி, “எனக்கு 50 பங்கு கொடுங்கள்” என்று கேட்க முடியாது. பொதுமக்களுக்கு நிறுவனத்திடமிருந்தே புதிய பங்கு கிடைக்கப் பொதுவாக மூன்று வாசல்கள்தான் உண்டு. நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்கு வரும்போது ஐபிஓ. பின்னர் கூடுதல் மூலதனம் திரட்டும்போது ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்கு வரும் உரிமைப் பங்கு. மூன்றாவது இந்த மறுமுதலீடு. மூன்றுக்கும் முறையான ஆவணம் உண்டு, புர்சா மலேசியாவில் அறிவிப்பு உண்டு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மேபேங்க் இந்தத் திட்டத்தை 2010 மார்ச்சில் அறிவித்தது. மே மாதம் 14ஆம் தேதி நடந்த சிறப்புப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் தந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த வங்கி, 20 பங்குக்கு 9 பங்கு என்ற கணக்கில், ஒன்று 2.74 ரிங்கிட்டுக்கு உரிமைப் பங்கு வெளியிட்டு ஏறத்தாழ 6 பில்லியன் ரிங்கிட் திரட்டியிருந்தது. உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள் கூடுதல் மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற நெருக்குதல் எல்லா நாட்டிலும் இருந்தது. பங்குதாரர்களுக்கு இலாப ஈவு கொடுத்தாக வேண்டும், மூலதனமும் கையில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வழி இது. வலக்கையால் கொடுத்து இடக்கையால் திரும்ப வாங்கிக்கொள்வது என்று கேலியாகவும் சொல்லலாம், தப்பில்லை.

முதல் தடவை எப்படி நடந்தது என்பதைக் கணக்கோடு பார்த்தால்தான் விஷயம் புரியும்.

2010 ஜூன் மாதம் முடிந்த நிதியாண்டுக்கு இறுதி இலாப ஈவு, பங்கு ஒன்றுக்கு 44 சென். அந்தக் காலத்தில் 25 விழுக்காடு வரி பிடித்தம் போகும். இந்த 44 சென்னில் 4 சென் கட்டாயமாக ரொக்கம். மீதி 40 சென், வரி போக 30 சென், பங்குதாரரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. புதிய பங்கின் விலை 7.70 ரிங்கிட்.

உங்கள் அப்பாவிடம் 1,000 பங்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். விருப்பத்துக்கு விடப்பட்ட தொகை 300 ரிங்கிட். அதை 7.70 ஆல் வகுத்தால் 38 பங்கு, மீதி 7 ரிங்கிட் 40 சென். 38 பங்கு கணக்கில் ஏறும், சில்லறை பணமாக வரும். கட்டாய ரொக்கம் 30 ரிங்கிட் தனி.

பாரத்தை அனுப்பாவிட்டால்? ஒன்றும் ஆகாது. முழுத் தொகையும் பணமாக வந்துவிடும். மலேசியத் திட்டங்களில் இது ஒரு நல்ல அம்சம். வாய் திறக்காதவருக்குப் பணம், கேட்டவருக்குப் பங்கு.

அப்படியானால் கடிதத்தைப் பழைய பேப்பரோடு போட்டவருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்த முதல் தடவையில் விருப்பத் தொகையில் 88 விழுக்காட்டுக்கும் மேல் பங்காகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 244 மில்லியன் புதிய பங்குகள் வெளியாயின. யார் எடுத்தார்கள்? மேபேங்க்கின் ஆகப் பெரிய பங்குதாரர் அமானா சஹாம் பூமிபுத்ரா நிதி. அடுத்து ஊழியர் சேமநிதி வாரியம் போன்ற பெரிய நிறுவனங்கள். பாரம் பூர்த்தி செய்யவும் கணக்குப் பார்க்கவும் அவர்களிடம் ஆள் உண்டு. வங்கியின் மொத்தப் பங்குகள் 7.08 பில்லியனிலிருந்து 7.32 பில்லியனாக உயர்ந்தன. 1,000 பங்கு வைத்திருந்து பணமாக எடுத்த அப்பாவிடம் அப்போதும் 1,000 பங்கு இருந்தது. ஆனால் வங்கியில் அவருடைய பாகம் 3.3 விழுக்காடு குறைந்துவிட்டது. 38 பங்கு எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு, அளவில் மிகச் சிறியதானாலும், பாகம் கொஞ்சம் கூடியிருக்கும்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. பாகம் குறைந்தாலும் அந்தப் பணம் வங்கிக்குள்ளேயே தங்கியதால் பலகாரமும் அந்த அளவுக்குப் பெரிதானது. பணமாக எடுத்தவருக்குக் கையில் 330 ரிங்கிட் வந்தது. உண்மையில் அவர் இழந்தது தள்ளுபடியை மட்டும். சந்தை விலையைவிடக் குறைந்த விலையில் புதிய பங்கு போகும்போது, வாங்கியவர் பெற்ற ஆதாயத்தில் ஒரு பகுதி வாங்காதவர் பையிலிருந்து வருகிறது. ஒரு தடவைக்கு அது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் ஒரு தடவையோடு நிற்கவில்லை. பத்தாண்டுக்கும் மேல் பல தடவை இது நடந்தது.

விளைவு எண்களில் தெரிகிறது. 2010இல் 7.08 பில்லியனாக இருந்த மேபேங்க் பங்குகள் இப்போது 12 பில்லியனைத் தாண்டிவிட்டன. 2012இல் நிறுவன முதலீட்டாளர்களுக்கு விற்ற 400 மில்லியனுக்கும் மேற்பட்ட பங்குகளும் அதில் சேரும், ஊழியர் பங்குகளும் சேரும். இருந்தாலும் வளர்ச்சியின் பெரும்பகுதி மறுமுதலீட்டில் வந்ததுதான். 2010 நிதியாண்டில் பங்கு ஒன்றுக்கு மொத்தம் 55 சென், வரி போகக் கையில் 41 சென் சொச்சம். 2024இல் 61 சென், முழுக்க ரொக்கம், பிடித்தம் இல்லை. பங்கு ஒன்றுக்குக் கிடைத்தது ஒன்றரை மடங்குகூட முழுமையாக ஆகவில்லை. வங்கி மொத்தமாகக் கொடுத்த தொகையைப் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2.9 பில்லியன் ரிங்கிட்டிலிருந்து 7.3 பில்லியனுக்கு, அதாவது இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி, பங்கைச் சேர்த்துக்கொண்டே போனவர்களிடம் போயிருக்கிறது. பணமாக வாங்கியவர்கள் அதை வீட்டுச் செலவுக்கோ தீபாவளிச் செலவுக்கோ எடுத்துக்கொண்டார்கள். அது குற்றமில்லை, பணம் செலவழிக்கத்தான். தெரிந்து தேர்ந்தெடுத்திருந்தால் சரி. நம்மில் பலர் தேர்ந்தெடுக்கவே இல்லை, கடிதம்தான் பிரிக்கப்படவில்லை.

இதில் சிறியவர்களுக்கு எதிரான ஒரு சின்ன ஏற்பாடும் இருந்தது. அதை ஏன் யாரும் பெரிதாகப் பேசவில்லை என்று தெரியவில்லை. மறுமுதலீட்டுப் பாரத்தில் 10 ரிங்கிட் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். நாம் செத்தெம் ஹாசில் என்கிறோமே, அதுதான். தபால் தலை ஒட்டி அனுப்பினால் செல்லாது. 100,000 பங்கு வைத்திருப்பவருக்கும் 10 ரிங்கிட், 200 பங்கு வைத்திருப்பவருக்கும் அதே 10 ரிங்கிட்.

புதிய பங்கின் விலையை ஐந்து நாள் சராசரிச் சந்தை விலையிலிருந்து அதிகபட்சம் 10 விழுக்காடு வரை குறைக்கலாம் என்பது விதி. முழு 10 விழுக்காடு தள்ளுபடி கிடைத்தாலும், 90 ரிங்கிட் விருப்பத் தொகைக்கு உங்கள் ஆதாயம் 10 ரிங்கிட். முத்திரை அதைச் சாப்பிட்டுவிடும். தள்ளுபடி 5 விழுக்காடுதான் என்றால் 190 ரிங்கிட் வரை ஆதாயமே இல்லை. 2010 கணக்கில் 200 பங்கு வைத்திருந்த ஒருவருக்கு விருப்பத் தொகை 60 ரிங்கிட், கிடைப்பது 7 பங்கு. அதற்கு 10 ரிங்கிட் முத்திரை, அதை வாங்க அஞ்சலகத்துக்கு ஒரு நடை. அவர் பாரத்தைக் குப்பையில் போட்டது புத்திசாலித்தனம் என்றே சொல்வேன். 1,000 பங்குக்கு மேல் வைத்திருந்தவர் போட்டதுதான் வீண்.

மேபேங்க் தொடங்கிவைத்த பாதையில் மற்றவர்களும் வந்தார்கள். சிஐஎம்பி 2013இல் தொடங்கியது, டெலிகோம் மலேசியா 2014இல். ஆர்எச்பி, அஃபின் ஆகிய வங்கிகளும் செய்தன. நிலச் சொத்து அறக்கட்டளையான ஆக்சிஸ் ரெய்ட்டும் தன் வருமானப் பகிர்வுக்கு இதே முறையைக் கையாண்டது. சிங்கப்பூரில் 2020 ஜூலையில், கோவிட் காலத்தில், வங்கிகள் இலாப ஈவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், பங்காக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பையும் தர வேண்டும் என்று அந்நாட்டு நாணய வாரியமே கேட்டுக்கொண்டது. எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான். மூலதனம் தேவைப்படும்போது பங்குதாரரின் இலாப ஈவு கண்ணுக்குத் தெரியும். தேவை தீர்ந்ததும் மறுபடி ரொக்கம். மேபேங்க் 2023ஆம் ஆண்டுக்கு 60 சென்னையும் 2024ஆம் ஆண்டுக்கு 61 சென்னையும் முழுக்க ரொக்கமாகவே கொடுத்தது. மறுமுதலீட்டுத் திட்டம் வங்கியின் வசதிக்காக வருகிறது, வங்கியின் வசதிக்காகவே போகிறது. நமக்குச் செய்யும் உபகாரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம்மவர்களுக்குப் பங்கு என்றாலே ஒரு தயக்கம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. நிறுவனத்திடமிருந்து நேரடியாகப் பங்கு வாங்கிய அனுபவம் இந்தச் சமூகத்துக்குப் புதிதல்ல. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைப் பங்காகச் சேர்த்தே தோட்டங்களை வாங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸின் முதன்மைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் நாம் அவர் பெயரின் மேல்தான் நடக்கிறோம்.

அடுத்து வந்தது மைக்கா ஹோல்டிங்ஸ். 1980களின் தொடக்கத்தில் மஇகாவின் முயற்சியில் உருவான இந்த நிறுவனத்தில் 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு என்று இன்றும் பேசுகிறார்கள். ஒரு பங்கு ஒரு ரிங்கிட். டெலிகோம் பங்கு ஒதுக்கீட்டுச் சர்ச்சை, முதலீடுகளின் தோல்வி, ஆண்டுக்கூட்டச் சண்டைகள் எல்லாம் தெரிந்த கதை, இங்கே விரிக்க வேண்டியதில்லை. கால் நூற்றாண்டு கழித்து 2010இல் ஜி டீம் ரிசோர்சஸ் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் தர முன்வந்தபோதுதான் பலருக்கும் வெளியே வரும் வழி கிடைத்தது. அதே 2010இல்தான் மேபேங்க் தன் முதல் மறுமுதலீட்டுக் கடிதத்தை அனுப்பியது. பங்கு என்ற சொல்லையே கேட்கப் பிடிக்காத ஆண்டில் அந்தக் கடிதம் வந்து விழுந்தது.

மைக்கா அனுபவத்தில் பலர் கவனிக்காத ஒன்று, அந்தப் பங்கு புர்சாவில் பட்டியலிடப்படவே இல்லை என்பது. வாங்குவதற்கு வாசல் இருந்தது, விற்பதற்கு இல்லை. நிர்வாகம் நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. மேபேங்க்கின் 38 பங்கு பிடிக்காவிட்டால் மறுநாளே விற்றுவிட முடியும். மைக்காவில் 25 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. நம் சமூகம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் “பங்கு வேண்டாம்” என்பது. எடுத்திருக்க வேண்டியது “விற்க முடியாத பங்கு வேண்டாம்” என்பது என்று நினைக்கிறேன். ஒன்பதாவது மலேசியத் திட்ட ஆவணம் 2004ஆம் ஆண்டுக்குக் காட்டிய இந்தியர்களின் பங்குடைமை 1.2 விழுக்காடு. அந்த எண்ணைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. தபாலில் வந்த பாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்தப் பாடத்தின் இன்னொரு பாதிதான் இன்று புலனத்தில் வந்துகொண்டிருக்கிறது. “அண்ணே, கம்பெனியிலிருந்து நேரா பங்கு தர்றாங்க, ஐபிஓவுக்கு முந்தின விலை, பட்டியல் ஆனதும் இரட்டிப்பு” என்று ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். அழகான செயலி, தெரிந்த வங்கியின் சின்னம், தினமும் ஏறும் எண்கள். பணத்தை மட்டும் யாரோ ஒரு தனிநபரின் கணக்குக்கோ கேள்விப்படாத ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குக்கோ அனுப்பச் சொல்வார்கள். மேலே சொன்ன மூன்று வாசல்களை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஐபிஓ, உரிமைப் பங்கு, மறுமுதலீடு. ஐபிஓவில் பங்கு உங்கள் சிடிஎஸ் கணக்கில் ஏறும். மற்ற இரண்டும் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவருக்கு மட்டுமே வரும். மறுமுதலீட்டில் நீங்கள் பணம் அனுப்பவே தேவையில்லை, வர வேண்டிய பணம்தான் பங்காகிறது. இந்த மூன்றிலும் அடங்காத எந்த “நேரடிப் பங்கு” பேச்சையும் முதலில் செக்யூரிட்டிஸ் கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதும் நல்ல சான்றிதழ் ஆகாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணை அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

மறுமுதலீடு என்பதே நமக்குப் பழக்கமில்லாத ஒன்று என்றும் சொல்ல முடியாது. ஊழியர் சேமநிதியில் நம் பணம் அப்படித்தான் வளர்கிறது. 2024ஆம் ஆண்டுக்கு வாரியம் அறிவித்த 6.30 விழுக்காட்டு ஈவு யார் கைக்கும் ரொக்கமாக வரவில்லை. கணக்கில் சேர்ந்தது, அடுத்த ஆண்டு அதற்கும் ஈவு வரும். எல்லா மலேசியருக்கும் திறந்துள்ள அமானா சஹாம் மலேசியா நிதிகளிலும் ஆண்டு ஈவு கூடுதல் யூனிட்டாகத் தானே சேர்ந்துவிடும். பாரம் இல்லை, முத்திரை இல்லை, கெடு தேதி இல்லை. ஒன்றும் செய்யாதவருக்கு மறுமுதலீடு, பணம் வேண்டுபவர் போய்க் கேட்டு எடுக்க வேண்டும். பங்குச் சந்தையில் இது தலைகீழ். மக்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால், எது தானாக நடக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே சிறு சேமிப்பாளரின் முப்பது ஆண்டுக் கணக்கைத் தீர்மானிக்கிறது.

ஜாலான் தெங்கு கெலானாவில் மாதாமாதம் ஒரு கிராம் இரண்டு கிராம் என்று தங்கம் சேர்க்கும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கூட்டுப் பணம் பிடிப்பவர்களுக்கும் தெரியும், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருந்தாலும். சிறுகச் சேர்ப்பதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சந்தையில்தான் சிறுகச் சேர்க்க வழி குறைவு.

இன்றைய நிலையைப் பாருங்கள். 2025இல் மேபேங்க் பங்கு 10 ரிங்கிட்டையொட்டி விற்றது. சந்தையில் குறைந்தபட்சம் 100 பங்கு வாங்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 1,000 ரிங்கிட். 1,000 பங்கு வைத்திருப்பவருக்கு 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் வந்த இலாப ஈவு 610 ரிங்கிட். ஒரு ‘லாட்’ வாங்கக்கூடப் போதாது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டும், அதுவரை அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வேறு பணத்தோடு கலந்து கரைந்து போகும். 38 பங்கு, 45 பங்கு என்று சில்லறையாகச் சேர்க்க மறுமுதலீட்டுத் திட்டம் ஒன்றுதான் சுலபமான வழியாக இருந்தது. 10 ரிங்கிட் முத்திரை என்ற குறையோடுதான் என்றாலும் அது இருந்தது. ரொக்க இலாப ஈவு திரும்பி வந்ததை எல்லாரும் கொண்டாடினார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியாத ஒருவருக்கு அது ஒரு வாசல் மூடியதும்கூட.

செய்ய முடியாத காரியமில்லை இது. ஒரு தடவை விருப்பம் தெரிவித்தால் மாற்றும் வரை அது நிலைக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்குக் கீழ் முத்திரை வரி வேண்டாம் என்று நிதியமைச்சு விலக்கு அளிக்கலாம். கடிதம் எளிய மொழியில், முடிந்தால் தமிழிலும் சீனத்திலும் ஒரு பக்கம் இருக்கலாம். பாரத்தை இணையம் வழி ஏற்கும் வசதியைச் சில நிறுவனங்கள் பின்னாளில் செய்து காட்டியும் இருக்கின்றன. சிறு பங்குதாரர்களுக்காகப் பேசும் அமைப்புகளும் நம் சமூகப் பிரதிநிதிகளும் வரவுசெலவுத் திட்டக் கோரிக்கைப் பட்டியலில் இதை ஒரு வரியாகச் சேர்த்தால் செலவு ஒன்றும் இல்லை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன.

பங்கு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் சொந்தப் பெயரில் உள்ள சிடிஎஸ் கணக்காக இருந்தால் கடிதம் உங்களுக்கே வரும். தரகரின் நோமினி கணக்காக இருந்தால் மறுமுதலீட்டு அறிவிப்பு தரகருக்குப் போய்ச் சேரும், அவர் கேட்டால்தான் உங்களுக்குத் தெரியும். இன்றைய செயலிகளில் கணக்குத் திறக்கும் இளைஞர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

முகவரி மாறியிருந்தால் உடனே மாற்றுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பழைய குடியிருப்பிலிருந்து பூச்சோங்குக்கோ கிள்ளான் புக்கிட் திங்கிக்கோ போனவர்களின் கடிதங்கள் இன்னும் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கலாம்.

பழைய மறுமுதலீட்டில் சேர்ந்த 38, 17 போன்ற சில்லறைப் பங்குகளைச் சாதாரணச் சந்தையில் விற்க முடியாது. அதற்குத் தனிச் சில்லறைச் சந்தை உண்டு, தரகரிடம் சொல்ல வேண்டும். விலை கொஞ்சம் குறைவாகவே கேட்பார்கள், தரகரின் குறைந்தபட்சக் கட்டணமும் போகும். அவசரம் இல்லையென்றால் அப்படியே விட்டுவைப்பதே மேல்.

வரியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் தனிநபர் இலாப ஈவு வருமானத்துக்கு 2 விழுக்காடு வரி வந்திருப்பது உண்மை. ஆனால் அது ஆண்டுக்கு 100,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும். அந்த அளவு இலாப ஈவு வாங்குபவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க வாய்ப்பு குறைவு.

கடைசியாக, இறந்துபோன பெற்றோர் பெயரில் உள்ளவை. 2010 செப்டம்பர் முதல் இலாப ஈவு நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அதற்கு முன்பு காசோலையாக வந்தது. மாற்றப்படாத காசோலைகளும், கணக்கு எண் பதியாதவர்களின் தொகைகளும் ஓராண்டுக்குப் பிறகு கோரப்படாத பணமாகத் தேசியத் தலைமைக் கணக்காளர் துறையிடம் போய்ச் சேருகின்றன. மலாயில் வாங் தாக் டிதுந்துட் என்பார்கள். அந்தத் துறையின் இகுமிஸ் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடலாம். பழைய அட்டை எண்ணையும் போட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துப் பதிவுகள் அதில்தான் இருக்கும். கோருவதற்குக் காலக்கெடு இல்லை.

அலமாரியில் பழைய காகிதப் பங்குச் சான்றிதழ் கிடைத்தால் அதையும் எறிய வேண்டாம். மைய வைப்பு முறை வந்தபோது 1998 கடைசிக்குள் ஒப்படைக்கப்படாத பங்குகள் நிதியமைச்சர் பெயருக்கு மாற்றப்பட்டன. அந்த நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம் கேட்டால் அடுத்த படி என்ன என்று சொல்வார்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் அசையும் சொத்து மட்டும், மொத்தம் 600,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமல் இருந்தால், அமானா ராயா வழியாகச் செய்துகொள்ளலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள அட்டை, சிடிஎஸ் அறிக்கை அல்லது அந்தத் தடித்த கடித உறையில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.